கூடம் கோணல்தான் எய்யா!

எய்யா, புது சவுண்டு செட்டு வாங்கப் போறியாமே? நல்லாருக்கு, வாங்கு. காசு ஒன்னுது, காது ஒன்னுது. குறுக்க நிக்க நான் யாரு? ஆனா கடைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி இந்தத் திண்ணையில செத்த நேரம் குத்தவை. வெத்தலையைப் போட்டுக்கிட்டே ரெண்டு வார்த்தை சொல்லுதேன்.

நான் மைக்செட்டுக்காரன். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம்னு இந்தச் சுத்துவட்டாரத்துல நான் குழாய் கட்டாத வேப்பமரம் கெடையாது. "கழுதைக்கு என்ன தெரியும் கற்பூர வாசனை"ன்னு நீ மனசுக்குள்ள நெனைக்கது மூஞ்சியிலயே தெரியுது. நெனைச்சுக்கோ. கழுதை ஒரே ஒரு கேள்வி கேக்கும், அதுக்குப் பதில் சொல்லு. ஒன் வீட்டு ஹால்ல கதவு எத்தனை?

பாத்தியா, முழிக்க. ஆம்ப்ளிஃபையர் எத்தனை வாட்ஸுன்னு கேட்டிருந்தா மனப்பாடமா ஒப்பிச்சிருப்ப. நான் சொல்லுதேன், எண்ணிக்கோ. வாசக்கதவு ஒண்ணு. படுக்கை ரூம்பு கதவு ரெண்டு. சமையக்கட்டுக்குப் போற வழி ஒண்ணு, அதுக்குக் கதவே கெடையாது. பால்கனிக்கு இழுக்குற கண்ணாடிக் கதவு ஒண்ணு. 10 அடி அகலம், 13 அடி நீளம். அதுக்குள்ள சோபா, டிவி, செருப்பு அலமாரி, தண்ணி கேனு, ஃப்ரிட்ஜ், புள்ளையோட மூணு சக்கர சைக்கிளு. முழுசா ஒரு செவுரு உண்டா? இந்தக் குண்டுச்சட்டிக்குள்ளதான் 7.1-ன்னு குதிரை ஓட்டப் போற. ஏழு பெட்டி, கூட ஒரு உறுமுற பெட்டி. சரி, வீட்டு ஆளுக எங்க உக்காருவாவ?

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு நம்ம பெரியவுக சொல்லி வச்சிருக்காவ. அவுக ஸ்டீரியோ கேட்டதில்ல பாவம். இந்த ஒரு சங்கதியில மட்டும் ஆடுறவ மேல குத்தமே கெடையாது எய்யா. கூடம் நெசமாவே கோணல்தான். நீங்க என்ன பண்ணுதிய? கோணக் கூடத்தை அப்படியே விட்டுட்டு வருசத்துக்கு ஒருக்கா ஆடுறவளை மாத்துதிய. அப்புறம் "இன்னும் பேஸு சரியா வரலையே"ன்னு பொலம்புதிய.

கணக்குச் சொல்லுதேன் கேளு. மைக்செட்டுக்காரன் கணக்குத்தான், பயப்படாத. சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். கீச்சுச் சத்தத்துக்கு அலை குட்டை. கனத்த சத்தத்துக்கு அலை நீளம். 40 ஹெர்ட்ஸ் அலை ஒண்ணு மட்டும் 28 அடி நீளம். ஒன் ஹாலே 13 அடி. அது எங்கன போயிக் காலை நீட்டும்? செவுத்துல முட்டித் திரும்பும். திரும்பி வாரது எதுக்க வாரதோட சேரும். 10 அடி எடவெளியில ரெண்டு செவுரு எதிரெதிரா நின்னா, 56 ஹெர்ட்ஸ் பக்கத்துல வார சத்தம் மட்டும் தனியா வீங்கிப் போகும். பேஸ் கிடார்ல தடிச்ச கம்பிக்கு அடுத்த கம்பி இருக்கே, அதைச் சும்மா தட்டினா 55. இளையராசா பாட்டுல பேஸ் கிடார் அந்த சுரத்துல வந்து எறங்குறப்பெல்லாம் ஒன் ஹாலு "தொம்"முன்னு ஒரு குரல் கூடக் குடுக்கும். மேல பாரு, கூரையும் 10 அடி. அதே சுரம் இன்னொரு தடவை வீங்கும்.

இதுக்கு எந்தக் கடையில மருந்து வாங்குவ? 5,000 ரூவாப் பெட்டிக்கும் அதே 56-தான், 5 லட்ச ரூவாப் பெட்டிக்கும் அதே 56-தான். செவுத்துக்குக் கம்பெனி பேரு படிக்கத் தெரியாது.

போன தீவாளிக்கு ஒன் வீட்டுக்கு வந்தப்ப ஒரு பாட்டு போட்டுக் காட்டினியே, ஞாவகம் இருக்கா? பேஸு வார எடத்துலயெல்லாம் "கிர்ர்ர்"ருன்னு ஒண்ணு கூடவே பாடிச்சு. "ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சுட்டு தாத்தா, அதான் மாத்தணும்"னு நீ தீர்ப்பே எழுதிட்ட. நான் ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போயி ஷோகேஸ் கண்ணாடியில ஒத்த வெரலை வச்சேன். சத்தம் நின்னுட்டு. வெரலை எடுத்தேன், மறுபடி பாடிச்சு. உள்ள கொலு செட்டியாரும் செட்டியாரம்மாவும் தராசோட ஆடிக்கிட்டு நின்னாவ. பழைய சைக்கிள் டியூப்பை ரெண்டு துண்டா வெட்டி, கண்ணாடி ஓடுற பள்ளத்துல சொருகினேன். அம்புட்டுதான். "கிழிஞ்ச" கோன் தானாத் தச்சுக்கிட்டு. ஏலே, இதுக்கா நீ 60,000 ரூவா எடுத்து வச்சிருந்த?

பெட்டிய வச்சிருக்க லெச்சணத்தையும் அன்னைக்கே பாத்தேன். இடது பெட்டி மூலையில, வாசக்கதவுக்குப் பின்னாடி. யாரு உள்ள வந்தாலும் அதுக்குத் தலையில ஒரு குட்டு. வலது பெட்டி சமையக்கட்டு வழியோரம், முதுகுக்குப் பின்னாடி செவுரே இல்லாம. மூலையில நிக்கதுக்கு ரெண்டு செவுரும் தரையும் சேந்து கனத்த சத்தத்தை ஊதிக் குடுக்கும். வழியில நிக்கதுக்கு அந்தத் தொணை கெடையாது. அப்ப இடது காதுல கொட்டு, வலது காதுல வெறும் சலங்கை. இதுக்கு நீ "இமேஜிங் சரியில்ல"ன்னு ஒரு பேரு வச்சிருக்க. பேரு வச்சாப் போதுமா, பெட்டிய நகத்த வேண்டாமா?

ரெண்டையும் ஒரே செவுத்துக்குக் கொண்டு வா. பக்கச் செவுத்துலருந்து ரெண்டும் ஏறக்கொறைய ஒரே தூரம் நிக்கட்டும். அதுக்கு டிவி எடம் மாறணும்னா மாறட்டும். அதுல சீரியல் பாக்குறவுககிட்ட கேட்டுக்கிட்டு மாத்து, இல்லன்னா சோத்துக்கு நான் பொறுப்பில்ல. பெட்டிக்கும் பெட்டிக்கும் 6 அடின்னா, ஒனக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் அதே 6 அடி. கீச்சுச் சத்தம் பாடுற ட்வீட்டர், நீ உக்காந்தா ஒன் காது இருக்க உசரத்துல இருக்கணும். நீ என்னடான்னா தரையில வச்சிருக்க. ஒன் முழங்காலு பாட்டுக் கேக்குமால?

பின்னாடி ஓட்டை வச்ச பெட்டிய செவுத்தோட ஒட்டி வைக்காத. ஒரு முழம் எடம் குடு. எடமே இல்லையா? பழைய காலுறையச் சுருட்டி அந்த ஓட்டையில அடை. வீங்குற பேஸு கொஞ்சம் அடங்கும். தொவைச்ச காலுறை எய்யா.

சோபாவையும் பின் செவுத்தோட ஒட்டிப் போட்டிருக்க. வீக்கம் உச்சத்துல நிக்குற எடமே அதுதான். கொஞ்சம் முன்னால இழு. அதுக்காக நட்ட நடு ஹாலுக்கும் வந்துராத. அங்கன அதே சுரம் செத்துக் கெடக்கும். நீளத்துல மூணுல ஒரு பங்கு முன்னால வர முடிஞ்சா நல்லது. முடியலன்னா ஒரு முழம். அதுவும் முடியலன்னா ஒரு சாண். ஒரு சாணுக்கே வித்தியாசம் தெரியும். காசு குடுத்து வாங்குற எந்தச் சாமானும் ஒரு சாணுக்கு இம்புட்டு வேலை செய்யாது.

நாங்க கொடைக்குக் கட்டுறப்ப மைக்கு ஊளையிட்டா புதுக் குழாய் வாங்கவா ஓடுனோம்? மைக்குக்கு முன்னால குழாயைத் தள்ளிக் கொண்டு போயி, மூஞ்சிய வெளிய திருப்புவோம். ஊளை நின்னுரும். அதே அகுஜா ஆம்ப்ளிஃபையர், அதே குழாய். எடம்தான் மாறியிருக்கும்.

அடுத்தது ஒரு வேலை. ஹால் நடுவுல நின்னு பளார்னு ஒத்தக் கைதட்டு தட்டு. தட்டின சத்தத்துக்குப் பொறவு "டர்ர்"ருன்னு ஒரு வாலு கேக்குதா? கேக்கும். தரை டைல்ஸு, செவுரு மொட்டை, ஒரு பக்கம் பூராக் கண்ணாடி. சத்தம் ஒக்கார எடம் இல்லாம அலையுது. பவானி ஜமுக்காளம் ஒண்ணை ரெண்டா மடிச்சு, அடியில பழைய கம்பிளியப் போட்டு, பெட்டிக்கும் சோபாவுக்கும் நடுவுல விரி. கண்ணாடிக் கதவுக்கு நல்ல கனத்த திரை மாட்டு. பக்கச் செவுத்துல எங்கன புத்தக அலமாரி வைக்கணும்னு தெரியணுமா? கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம், செவுத்துக்கு வேணும். நீ சோபாவுல உக்காரு. புள்ளையக் கூப்பிட்டு மொகம் பாக்குற கண்ணாடிய செவுத்தோட ஒட்டி நகத்தச் சொல்லு. ஸ்பீக்கர் எந்த எடத்துல கண்ணாடியில தெரியுதோ, சத்தம் முட்டி ஒன் காதுக்கு வார எடம் அதுதான். அலமாரிய அங்கன வையி. உள்ள புத்தகமும் வையி. வெறும் அலமாரி ஒண்ணும் கிழிக்காது.

இதெல்லாம் கீச்சுச் சத்தத்துக்குத்தான் மருந்து, கனத்த சத்தத்துக்கு ஜமுக்காளம் பத்தாதுங்கதையும் சொல்லிப்புடுதேன். முட்டை அட்டைய செவுத்துல ஒட்டுதவனும் இருக்கான். அதுல முட்டை வச்சாலாவது பிரயோசனம் உண்டு.

இனி வாட்ஸுக்கு வா. ஒரு காலத்துல டப்பா மேல "2,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ."ன்னு போட்டு வித்தாவ. உள்ள தொறந்து பாத்தா நெசமா வேலை செய்யுறது சொச்ச வாட்ஸுதான். அதனால ஆர்.எம்.எஸ்., அதான் நெசமாத் தொடர்ந்து குடுக்குற வாட்ஸு, எம்புட்டுன்னு கேளு. கேட்டுட்டு அதுக்கும் மயங்காத. 50 வாட்ஸை 100 ஆக்கினா சத்தம் ரெட்டிக்கும்னுதானே நெனைக்க? 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்காத் தோணணும்னா வாட்ஸு பத்து மடங்கு வேணும். நீ 6 அடி தள்ளி உக்காந்து சாதாரணமாக் கேக்குறப்ப ஒன் செட்டு ஒரு வாட்ஸு, ரெண்டு வாட்ஸுதான் குடிக்கும். மிச்சமெல்லாம் சொந்தக்காரங்ககிட்டச் சொல்லிக்கிட.

வயரு விக்கிறவன் அதுக்கு மேல. ஆக்சிசன் இல்லாத செம்பாம், வெள்ளி முலாமாம், அடிக்கு ஆயிரக்கணக்குல ரூவாயாம். அம்புக்குறி வேற போட்டிருக்கான், கரண்டு எந்தப் பக்கம் போகணும்னு. ஏலே, ஸ்பீக்கருக்குப் போறது முன்னும் பின்னுமா ஆடுற கரண்டு. அதுக்கு ஒரு வழிப் பாதை போட்டா எப்படி? ஒனக்குத் தேவை 15 அடி. எலக்ட்ரிக் கடையில 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரு கேளு, குடுப்பான். அம்புட்டுத் தூரத்துக்கு அது தாராளம். ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாத்தாம மாட்டு. ஒரு பெட்டியில மாத்தி மாட்டிட்டு, "பேஸு வரல"ன்னு புது வயரு வாங்கினவன்லாம் உண்டு.

வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கேட்டியே, அதுக்கு எனக்குச் சிரிப்பு அடங்கல. நாங்க பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்னு போட்டோமே, அதே வால்வு. சூடேற நேரம் எடுக்கும், தொட்டா சுடும், வண்டியில போறப்ப குலுங்கினாப் புட்டுக்கிடும். இப்ப அதை மரப்பெட்டியில வச்சு லட்சக்கணக்குல விக்கான். "சூடான ஓசை"ங்கான். சூடு நெசந்தான். எங்க கையில தழும்பு இருக்கு.

அப்புறம் அட்மாஸ். மேல பாத்து ஒரு ஸ்பீக்கர் பாடுமாம். சத்தம் கூரையில பட்டு எறங்கும்போது தலைக்கு மேல ஹெலிகாப்டர் பறக்குமாம். ஒன் ஹால்ல தலைக்கு மேல ஃபேன் ஒண்ணு ஏற்கெனவே அப்படித்தானே பறக்குது? அதை நிறுத்தினா வேர்வையில நனைவ. நிறுத்தலன்னா நுணுக்கமான சத்தம் எதுவும் காதுக்கு வராது. இந்த லெச்சணத்துல "ஹை-ரெஸ்" வேற. 1982-ல வந்த சி.டி.யே விநாடிக்கு 44,100 தடவை அளந்து, மனுசக் காதுக்கு எட்டுற 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் அடக்கிப்புடும். அதுக்கு மேல கேக்க நீ என்ன வௌவாலா? ஃபேனு, ஃப்ரிட்ஜு, குக்கர் விசிலு, கீழ ஆட்டோ. மொதல்ல இதுகளத் தாண்டிப் பாட்டு கேக்கட்டும்.

சரி, எம்புட்டுச் சொன்னாலும் நீ வாங்காம விட மாட்ட. அப்ப வாங்குற வழியையும் சொல்லுதேன். சிறுகக் கட்டிப் பெருக வாழ்னு சொல்லுவாவ. 5 இஞ்சு வூஃபர் வச்ச சின்னப் பெட்டி ஒரு சோடி, நேர்மையா 30, 40 வாட்ஸு குடுக்குற ஆம்ப்ளிஃபையரு ஒண்ணு. இது அந்த ஹாலுக்குத் தாராளம். தூணு மாதிரி நிக்குற ஆளுயரப் பெட்டி வேண்டாம். அது கெளப்புற கனத்த சத்தத்துக்கு ஒன் ஹாலு தாங்காது, ஷோகேஸ்ல செட்டியாரு தராசக் கீழ போட்டுருவாரு.

கடையில கேட்டு மயங்கிறாத. கடைக்காரன் ரூம்புல தரைவிரிப்பு, திரை, மெத்தை எல்லாம் போட்டு வச்சிருக்கான். நீ கேட்டது பாதி அவன் ரூம்பு. அதை அவன் ஒனக்குக் கட்டிக் குடுக்க மாட்டான். ரெண்டு பெட்டிய ஒப்பிட்டுக் காட்டுறப்ப ஒண்ணைக் கொஞ்சம் சத்தமா வைப்பான். கூடுதல் சத்தம் காதுக்கு எப்பவும் நல்லாத்தான் இருக்கும். அதனால ஒனக்கு அத்துப்படியான பாட்டைக் கொண்டு போ, ரெண்டையும் ஒரே சத்தத்துல வைக்கச் சொல்லு. வீட்டுக்குக் கொண்டு போயி நாலு நாள் கேட்டுட்டுத் திருப்பித் தரலாமான்னும் கேளு. தாராளமாங்குறவன்கிட்ட வாங்கு.

உறுமுற பெட்டி, அதான் சப்வூஃபரு, கட்டாயம் வேணுங்கியா? அதுக்கு எடம் பாக்க ஒரு வித்தை இருக்கு. பெட்டியத் தூக்கி நீ உக்காருற சோபா மேல வையி. பேஸு நெறைய உள்ள பாட்டைப் போடு. இப்ப நீ முட்டி போட்டு செவுத்தோரமாத் தவழ்ந்து போ. எந்த எடத்துல பேஸு வீங்காம, செத்தும் போகாம சமனாக் கேக்குதோ, அங்கன கொண்டு போயிப் பெட்டிய எறக்கு. வெளையாட்டுக்குச் சொல்லல, பெரிய பெரிய ஸ்பீக்கர் வல்லுநருகளும் இதைத்தான் பண்ணுதாவ. தவழுறதுக்கு முன்னாடி பால்கனித் திரைய மட்டும் இழுத்து விட்டுக்கோ. எதுத்த வீட்டுக்காரவுக ஒன்னைப் பத்தி வேற மாதிரி நெனைச்சுப்புடக் கூடாது.

மைக்கை நட்டு வச்சுத் தானாவே அளந்து சரி பண்ணுற ஆம்ப்ளிஃபையரும் இப்ப வருது. அது ஏமாத்து வேலை இல்ல. வீங்குன சுரத்தை நல்லாவே தட்டிக் கொறைக்கும். ஆனா செத்துக் கெடக்குற எடத்துக்கு அதால உசுரு குடுக்க முடியாது. அதுக்கு நீதான் சோபாவ நகத்தணும்.

ஒண்ணு யோசிச்சுப் பாரு. நாகசுரம் தெருவுல சாமி பொறப்பாட்டுக்கு வாசிச்சாவ, கோயில் பிரகாரத்துல வாசிச்சாவ. வீணைய வீட்டுக்குள்ள உக்காந்து மீட்டினாவ. கூடத்துக்குத் தக்க ஓசைய அவுக அளந்து வச்சிருந்தாவ. நீ தேரோடுற தெருவுக்கு வேண்டிய சத்தத்தைத் தீப்பெட்டிக்குள்ள அடைக்கப் பாக்க. அடையாத மிச்சம் எங்க போகும்? பக்கத்து வீட்டுக்கு. கீச்சுச் சத்தத்தைச் செவுரு தடுக்கும், உறுமுறத தடுக்காது. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணியிலருந்து காலையில 6 மணி வரைக்கும் 45 டெசிபல்னு 2000-த்துலயே சட்டம் போட்டிருக்காவ. சட்டம் வார முன்னாடி பக்கத்து வீட்டம்மா வந்துருவாவ. அவுக கதவத் தட்டுற சத்தத்துக்கு எந்த ஸ்டீரியோவும் ஈடு குடுக்காது.

ஆக, வரிசைய மறந்துராத. மொதல்ல பெட்டிய நகத்து. ரெண்டாவது சோபாவ இழு. மூணாவது ஜமுக்காளத்த விரி, திரைய மாட்டு. நாலாவது, ஒரு மாசம் அதே பழைய செட்டுல ஒனக்குப் பிடிச்ச பாட்டெல்லாம் கேளு. செட்டைக் கேக்காத எய்யா, பாட்டைக் கேளு. அதுக்குப் பொறவும் கொறை தெரிஞ்சா, எங்கன கொறைன்னு ஒனக்கே தெரிஞ்சிருக்கும். அப்ப கடைக்குப் போ. கடைக்காரனால ஒன்னை அப்ப ஏமாத்த முடியாது.

"இல்ல தாத்தா, நான் ஏற்கெனவே முன்பணம் கட்டிட்டேன்"ங்கியா? அட, அப்படியா சங்கதி! அப்பச் சரி, ஒண்ணும் குடிமுழுகிப் போகல. அந்தப் பழைய பெட்டி ரெண்டையும் எவனுக்கும் சும்மா குடுத்துராத. துணியச் சுத்தி, லாரி சர்வீசுல நம்ம ஊருக்குப் போட்டு விடு. கூலிய நீயே கட்டிரு. இந்தத் திண்ணை நல்ல நீளம், கதவும் கெடையாது. அதுக இங்கன நல்லாவே பாடும்.